ஈரல் சுருங்கிவிட்டது என்று சொல்லிவிட்டார்களா? வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு வழிகாட்டி

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, "ஈரல் சுருங்கிப் போயிருக்கு. குடிக்கக் கூடாது, உப்பைக் குறைக்கணும், மாசாமாசம் வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஓ.பி. கூட்டத்தில் அதற்குமேல் பேச நேரம் இருக்காது. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுதான் வீட்டுக்காரருக்குக் கேள்விகள் வரும். வயிறு ஏன் ஊதுகிறது? எதைச் சாப்பிடலாம்? எப்போது பயப்பட வேண்டும்? நடுராத்திரி என்றால் எங்கே ஓடுவது?

நான் மருத்துவ வார்டில் வேலை பார்க்கிறவன். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, சீர்காழி, வேதாரண்யம் என்று டெல்டாவின் எல்லா மூலையிலிருந்தும் வருகிற நோயாளிகளைப் பார்க்கிறேன். புதிதாக இந்த நோயோடு வாழப் பழகும் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது, சிக்கல்களில் பல ஆஸ்பத்திரிக்கு வருவதற்குச் சில நாள் முன்பே வீட்டில் தலைகாட்டிவிடும் என்பதைத்தான். அதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் மெஷின் வேண்டாம். ஒரு எடை மெஷினும், ஒரு நோட்டும், கூடவே இருக்கிற ஒரு ஆளும் போதும்.

முதலில் நோயைப் புரிந்துகொள்ளுங்கள்

குடலிலிருந்து வரும் ரத்தம் எல்லாம் ஈரல் வழியாகத்தான் இதயத்துக்குப் போக வேண்டும். ஈரல் தழும்பேறி இறுகிப்போனால் அந்த ரத்தத்துக்குப் பாதை கிடைப்பதில்லை. வாய்க்கால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கரையை உடைத்துப் பக்கத்து வயலில் பாய்கிற கதைதான். அழுத்தம் ஏறி, உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் ரத்தக் குழாய்கள் புடைக்கின்றன. வயிற்றில் நீர் கசிகிறது. மண்ணீரல் பெரிதாகி, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறைகின்றன. இன்னொரு பக்கம், ஈரல் செய்ய வேண்டிய வேலைகளும் தடைப்படுகின்றன. ரத்தம் உறைவதற்கான புரதம் குறைகிறது, நீரை ரத்தக் குழாய்க்குள் பிடித்துவைக்கும் ஆல்புமின் என்ற புரதம் குறைகிறது, குடலில் உண்டாகும் அம்மோனியா வடிகட்டப்படாமல் மூளைக்குப் போகிறது. இனிமேல் சொல்லப்போகும் சிக்கல் எல்லாம் இந்த இரண்டிலிருந்தும் பிறப்பவைதான்.

ஈரல் சுருங்கியும் வெளியே ஒன்றும் தெரியாமல் பல வருஷம் இருப்பவர்கள் உண்டு. வயிற்றில் நீர், ரத்த வாந்தி, மனக்குழப்பம், மஞ்சள் காமாலை இவற்றில் ஒன்று வந்துவிட்டால் நோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். உங்கள் ரிப்போர்ட்டில் டாக்டர் ஏ, பி, சி என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஐந்து விஷயங்களைக் கூட்டிப் போட்ட மார்க்: பிலிரூபின் (காமாலை அளவு), ஆல்புமின், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு), வயிற்று நீர், மனத் தெளிவு. 5, 6 என்றால் ஏ. 7 முதல் 9 வரை பி. 10 முதல் 15 வரை சி. இதில் மட்டும் மார்க் குறைவாக வாங்குகிறவர்தான் கெட்டிக்காரர்.

அடுத்ததாக, என்ன காரணத்தால் சுருங்கியது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "குடிதான் காரணம்" என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறோம். குடியையே தொடாத, சர்க்கரை நோயும் உடல் பருமனும் உள்ள அம்மாக்கள் கொழுப்பு ஈரல் முற்றி வருகிறார்கள். ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டையும் ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டும். சி வைரஸ் என்றால் பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டாலே வைரஸ் போய்விடும். பி என்றால் டெனோஃபோவிர் அல்லது என்டகாவிர் மாத்திரை நீண்ட காலம் எடுக்க வேண்டும். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்த மருந்துகள் அரசு மருத்துவமனையில் இலவசம். காரணத்தைச் சரிசெய்தால் இறுகிய ஈரலும் ஓரளவு தேறும். அதனால் இந்தக் கேள்வியை விடாதீர்கள்.

குடிப்பவராக இருந்தால் கடைசியாகக் குடித்தது எந்த நாள், எந்த நேரம் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, வலிப்பு எல்லாம் வரலாம். இதையும், ஈரல் கெட்டதால் மனம் தடுமாறும் ஈரல் மயக்கத்தையும் குழப்பிக்கொண்டால் வைத்தியமே மாறிப்போகும். இன்னொன்று: தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கிற "குடியை மறக்கும் மருந்து" எதையும் வாங்காதீர்கள். டைசல்ஃபிராம் போன்ற மருந்து சுருங்கிய ஈரலையே தாக்கும். ஈரல் நோய் உள்ளவருக்கு ஏற்ற மருந்து வேறு இருக்கிறது, மனநலப் பிரிவில் கேட்டால் கொடுப்பார்கள்.

நோட்டு போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் காலையில் கழிவறை போய்வந்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், அதே மாதிரி உடையில் எடை பார்த்து எழுதுங்கள். எத்தனை தடவை வெளிக்குப் போனார், என்ன நிறம் என்று எழுதுங்கள். ராத்திரி தூங்கினாரா என்று எழுதுங்கள். கடைசி வரியில் அவரையே தேதி போட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கையெழுத்து எதற்கு என்பது பின்னால் வரும். ஓ.பி.க்கு வரும்போது இந்த நோட்டும், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டு உணவுக்குழாயையும் இரைப்பையையும் பார்ப்பது) ரிப்போர்ட், மாத்திரை அட்டைகளும் ஒரே பையில் இருக்கட்டும். "வெள்ளை மாத்திரை ஒண்ணு, மஞ்ச மாத்திரை ஒண்ணு" என்று சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வயிற்றில் நீர்

அதிகமாக வருகிற சிக்கல் இதுதான். பெல்ட் ஓட்டை மாற வேண்டியிருக்கும், வேட்டி இடுப்பில் நிற்காது, சாயங்காலம் கால் வீங்கும், இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடினால் அது சதை இல்லை, நீர்.

முதல் தடவை வயிற்றில் நீர் சேர்ந்தால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். இங்கேதான் குடும்பங்கள் தயங்கும். "ஒரு தடவ எடுத்தா எடுத்துக்கிட்டே இருக்கணுமாமே சார்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஊசி குத்துவதால் நீர் திரும்ப ஊறுவதில்லை. உப்பும், உள்ளே இருக்கிற அழுத்தமும்தான் திரும்ப ஊற வைக்கின்றன. எடுப்பது எப்படி என்று தெரிந்தால் பயம் போய்விடும். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். மல்லாந்து, இடது பக்கம் லேசாகச் சாய்ந்து படுக்க வேண்டும். இடுப்பு எலும்புக்கு மேலே, அடிவயிற்றின் இடது ஓரத்தில் மரப்பு ஊசி போட்டு, பிறகு நீர் எடுக்கும் ஊசியை நுழைப்பார்கள். வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் வரும். மரப்பு ஊசியின் சுருக்கென்ற வலியைத் தவிரப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஐ.என்.ஆர். கூடியிருக்கிறது, பிளேட்லெட் குறைவு என்பதற்காகப் பெரும்பாலும் இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

அந்த நீரில் மூன்று விஷயம் பார்ப்பார்கள். ஒன்று, ஆல்புமின். அதே நாளில் எடுத்த ரத்த ஆல்புமினிலிருந்து இதைக் கழித்தால் 1.1 அல்லது அதற்கு மேல் வந்தால் ஈரல் அழுத்தத்தால் வந்த நீர். அதற்குக் கீழே வந்தால் காசநோயா, புற்றுநோயா என்று தேட வேண்டும். நம் ஊரில் வயிற்றுக் காசநோயை மறக்கவே கூடாது. இரண்டு, மொத்தப் புரதம். மூன்று, வெள்ளணுக்கள். இந்த மூன்றாவது உயிர் காக்கிற எண், அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

வைத்தியம் உப்பிலிருந்து ஆரம்பிக்கிறது. நாள் முழுவதற்கும் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு சிறிய தேக்கரண்டி மட்டம். குழம்பில் குறைத்துவிட்டுத் தொட்டுக்கொள்ள நாகப்பட்டினத்துக் கருவாடும், மோர் மிளகாயும், ஊறுகாயும், அப்பளமும் வைத்தால் கணக்கு அங்கேயே போய்விட்டது. பழைய சோற்றில் தவறே இல்லை. அதோடு போடுகிற கல்லுப்பும் கடித்துக்கொள்கிற வடு மாங்காயும்தான் தவறு. கேஸ் என்று கரைத்துக் குடிக்கிற சோடா உப்புப் பொடிகளிலும் சோடியம் நிறைய. இந்துப்பு நல்லது என்று ஒரு பேச்சு ஓடுகிறது, அதுவும் சோடியம்தான். கடையில் விற்கிற குறை சோடிய உப்பு இன்னும் மோசம், ஏனென்றால் அதில் பொட்டாசியம் இருக்கிறது. நீர் போக்கக் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை ஏற்கெனவே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். வீட்டுத் தென்னையில் இளநீர் இருக்கிறதே என்று தினமும் வெட்டிக் கொடுப்பதும் இதே ரகம்; இந்த மாத்திரை எடுப்பவர் டாக்டரிடம் பொட்டாசிய அளவைக் கேட்டுவிட்டுக் குடிக்கட்டும். உப்பு குறைந்த சாப்பாட்டுக்கு எலுமிச்சை, புளி, மிளகு, பூண்டு, கொத்துமல்லி என்று ருசி ஏற்றிக்கொள்ளலாம். தண்ணீரைக் குறைக்க வேண்டியது ரத்தத்தில் சோடியம் 125க்குக் கீழே போனால்தான். மற்றபடி தாகத்துக்குக் குடிக்கலாம்.

மாத்திரையில் ஸ்பைரோனோலாக்டோன் 100 மில்லிகிராமுக்கு ஃப்ரூசமைடு 40 என்ற கணக்கில் ஆரம்பித்து, தேவைக்கேற்ப 400, 160 வரை டாக்டர் ஏற்றுவார். கால் வீக்கம் இல்லாதவருக்கு நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் எடை குறையக் கூடாது. வீக்கம் உள்ளவருக்கு ஒரு கிலோ வரை சரி. அதைவிட வேகமாகக் குறைந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். காலையில் எடுக்க வேண்டிய மாத்திரை இது. ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் வருகிற அன்று வழியில் இறங்க முடியாதே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடுவதைவிட வீடு திரும்பியதும் எடுப்பது மேல். ஆண்களுக்கு மார்பு வலியும் வீக்கமும் வரலாம். கூச்சப்படாமல் சொன்னால் மருந்தை மாற்றுவார்கள். வாந்தி, பேதி, காய்ச்சல் வந்த நாளில் நீர் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்.

மாத்திரைக்கு அடங்காதவருக்கு மொத்தமாக நீர் எடுப்பார்கள். ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் ஆல்புமின் நரம்பில் ஏற்ற வேண்டும். எட்டு லிட்டர் எடுத்தால் 20 சதவீத ஆல்புமின் 100 மில்லி பாட்டில் மூன்று ஆகும். அது இல்லாமல் எடுத்தால் அன்று வயிறு லேசாகி, நாலு நாள் கழித்துச் சிறுநீர் நின்றுபோய் வருவார். அதனால் "ஆல்புமின் ஏத்துவீங்களா சார்?" என்று கேட்பது உங்கள் உரிமை.

வயலில் இறங்குபவருக்கு ஒரு வார்த்தை. வீங்கிய காலோடு நடவுச் சேற்றில் நிற்பது ஆபத்து. பாதத்து வெடிப்பு வழியாகக் கிருமி புகுந்தால், கால் சிவந்து, கொதித்து, இரண்டே நாளில் ரத்தம் முழுக்கப் பரவும். கடற்கரை ஊர்க்காரர்கள் புண்ணோடு கடல் நீரில் இறங்குவதையும், அரை வேக்காட்டு நண்டு, சிப்பியையும் தவிர்க்க வேண்டும். தொப்புள் பிதுங்கி, மேல்தோல் மெலிந்து பளபளத்தாலோ கசிந்தாலோ அன்றே காட்டுங்கள்.

வயிற்று நீரில் கிருமி

இது சத்தமில்லாமல் வரும். லேசான காய்ச்சல், வயிற்று வலி, ஒன்றிரண்டு பேதி. சில நேரம் இது எதுவுமே இல்லாமல் ஆள் மட்டும் மந்தமாகிவிடுவார். வயிற்றில் நீர் உள்ளவர் எந்தக் காரணத்துக்காக அட்மிட் ஆனாலும் அன்றே நீர் எடுத்து வெள்ளணுக்களை எண்ண வேண்டும் என்பது விதி. ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோஃபில் வகை வெள்ளணுக்கள் 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) காத்திராமல் ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பார்கள். வெளியில் தொற்றியதென்றால் பெரும்பாலும் செஃபோடாக்சிம் அல்லது செஃப்ட்ரியாக்சோன். முதல் நாள் கிலோவுக்கு 1.5 கிராம், மூன்றாம் நாள் கிலோவுக்கு 1 கிராம் ஆல்புமினும் சேர்த்துக் கொடுப்பது சிறுநீரகத்தைக் காப்பாற்றும். வீட்டில் நீங்கள் செய்யக்கூடாதது ஒன்று உண்டு: மெடிக்கலில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மூன்று நாள் பார்ப்பது.

மனம் தடுமாறினால்

"அவுங்க ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காங்க, பகல்ல தூங்குறாங்க சார்" என்று ஒரு அம்மா சொன்னால் எனக்கு அதுவே பாதி டயாக்னோசிஸ். ஈரல் மயக்கத்தின் முதல் அடையாளம் பல நேரம் தூக்கம் புரண்டுபோவதுதான். அடுத்து எரிச்சல், பொருத்தமில்லாத சிரிப்பு, எண்ணிய பணத்தையே திரும்ப எண்ணுவது, பட்டன் மாற்றிப் போடுவது. பிறகு நாள் கிழமை மறக்கும். கடைசியில் எழுப்பினாலும் எழ மாட்டார்.

நோட்டில் போடச் சொன்ன கையெழுத்து இதற்குத்தான். முப்பது வருஷமாக ஒரே மாதிரி போட்ட கையெழுத்து ஒரு நாள் கோணலாகி, எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வரியைவிட்டு இறங்கியிருக்கும். பேச்சில் ஒன்றும் தெரியாத கட்டத்திலேயே இது தெரிந்துவிடும். இன்னொரு சோதனை: இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கி, விரலை விரித்து அரை நிமிஷம் வைத்திருக்கச் சொல்லுங்கள். கை திடீர் திடீரென்று கீழே தொங்கி எழுந்தால் இன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

காத்துக் கருப்பு என்று மந்திரிக்கப் போவதும், மனநோய் தீரும் என்று நம்பப்படும் குணசீலம் கோயிலுக்குப் போய்வரலாமா என்று கேட்பதும் நம் பக்கம் உண்டு. கும்பிடுவதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப்பைக் கொடுத்து, ஆள் தெளிந்த பிறகு போய்வரலாம்.

அம்மோனியா டெஸ்ட்டைவிட முக்கியம், எது கிளப்பிவிட்டது என்று தேடுவது. மலச்சிக்கல், வயிற்று நீரில் கிருமி, வேறு எந்தக் காய்ச்சலும், உள்ளே ரத்தக் கசிவு, நீர் மாத்திரை அதிகமானது, சோடியம் குறைந்தது, தூக்க மாத்திரை. இதில் ஒன்று பெரும்பாலும் அகப்படும். தூக்கம் வரவில்லை என்று பக்கத்து மெடிக்கலில் வாங்கிய அல்பிரசோலம் ஒரு பாதி மாத்திரை போதும், ஆளைக் கவிழ்க்க. கூடவே ரத்தச் சர்க்கரையைப் பார்ப்பார்கள். ஈரல் கெட்டவருக்குச் சர்க்கரை தாழ்ந்தும் மயக்கம் வரும். கீழே விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் தலை ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும், அதனால் விழுந்ததை மறைக்காதீர்கள்.

லாக்டுலோஸ் 15 முதல் 30 மில்லி, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. அளவை நிர்ணயிப்பது பாட்டில் மேல் எழுதியது அல்ல, மலம். நாளுக்கு இரண்டு மூன்று தடவை இளகிப் போக வேண்டும். ஒரு தடவைதான் போனார் என்றால் கொஞ்சம் கூட்டுங்கள். ஐந்தாறு தடவை தண்ணீராகப் போனால் குறையுங்கள், இல்லாவிட்டால் நீர் வற்றி மயக்கம் அதனாலேயே வரும். "வயித்தால போகுது"ன்னு அடியோடு நிறுத்துவதுதான் திரும்ப அட்மிட் ஆவதற்கு நான் பார்க்கிற பெரிய காரணம். திரும்பத் திரும்ப வந்தால் ரிஃபாக்சிமின் 550 மில்லிகிராம் இருவேளை சேர்ப்பார்கள். விழுங்க முடியாத அளவுக்கு மயங்கியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். ஒரு தடவை இப்படி ஆனவர் டாக்டர் சரி என்று சொல்லும் வரை வண்டி, டிராக்டர் ஓட்டவோ, போர் செட்டு மோட்டாரைத் தனியாகப் போடப் போகவோ வேண்டாம்.

ரத்த வாந்தி, கறுப்பு மலம்

இங்கே யோசிக்க நேரம் இல்லை, வரிசையாகச் செய்யுங்கள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டு, "ஈரல் நோயாளி, ரத்த வாந்தி" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஃபைல் பையை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேரைக் கூட வரச் சொல்லுங்கள்.

ரத்த வாந்தி இல்லாமல் மலம் மட்டும் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, நாறினாலும் அது உள்ளே ரத்தம் போகிறது என்பதுதான். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் ஒட்டாது, அந்த நாற்றம் இருக்காது. சந்தேகமாக இருந்தால் ரத்தம் என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

எங்கே போவது? வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். நேரே அங்கே போகிறேன் என்று கார் பிடிப்பதைவிட, முதலில் பக்கத்தில் இருக்கிற அரசு மருத்துவமனையில் நிறுத்துங்கள். நரம்பு ஊசி போட்டு, ரத்தக் குழாய் அழுத்தத்தைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைடு அல்லது டெர்லிப்ரெசின், செஃப்ட்ரியாக்சோன் ஊசி இவற்றை ஆரம்பிக்க ஸ்கோப்பி வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிறகு ஆம்புலன்சிலேயே மேலே அனுப்பச் சொல்லுங்கள். ரத்தமும் அளவோடுதான் ஏற்றுவார்கள். ஹீமோகுளோபின் 7, 8 அளவில் இருந்தால் போதும், அதற்குமேல் ஏற்றினால் அழுத்தம் கூடித் திரும்பக் கொட்டும். ஆகவே "ஒரு பாட்டிலோட நிறுத்திட்டாங்களே" என்று சண்டை போடாதீர்கள்.

ஸ்கோப்பி 12 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி நான்கு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அவசர ஸ்கோப்பி எங்கே, எந்த நேரத்தில் கிடைக்கும் என்று ஆரோக்கியமாக இருக்கும்போதே உங்கள் டாக்டரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். புடைத்த குழாயை ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவார்கள். இதைத்தான் பேண்டிங் என்பது. இரைப்பையில் இருந்தால் பசை ஊசி. அதற்கும் அடங்காவிட்டால் பலூன் குழாய் போட்டு ஒரு நாள் தாக்குப்பிடித்து, ஈரலுக்குள் ஸ்டென்ட் வைக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

பேண்டிங் ஒரு தடவையோடு முடிகிற வேலை இல்லை. குழாய் அடங்கும் வரை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போட வேண்டும். மேட்டூர் திறந்து நடவு தொடங்கிவிட்டால் இரண்டாவது பேண்டிங்குக்கு வருகிறவர் பாதியாகிவிடுகிறார், அறுப்பு முடிந்து ரத்த வாந்தியோடு வருகிறார். போட்ட பிறகு சில நாள் குழைந்த தயிர்சாதம், ஆறிய கஞ்சி, இடியாப்பம் என்று மெதுவான சாப்பாடு. வளையம் விழுந்த இடத்தில் புண் இருக்கும், ஆகையால் இரண்டு வாரம் வரை மலத்தின் நிறத்தில் கண் இருக்கட்டும்.

கார்வெடிலால் அல்லது ப்ரோப்ரனலால் மாத்திரை கொடுத்திருப்பார்கள். "எனக்கு பிரஷரே இல்லையே" என்று நிறுத்துகிறவர் ஏராளம். இது பிரஷருக்கு இல்லை, உள்ளே இருக்கிற அழுத்தத்துக்கு. கையில் பார்க்கும் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 90க்குக் கீழே போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ மட்டும் உடனே டாக்டரைக் கேளுங்கள். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதுவரை ரத்தம் கசியாதவருக்கும் ஸ்கோப்பி தேவையா என்று கேளுங்கள். ஈரல் இறுக்கம் அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் 20க்குக் கீழேயும், பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேலேயும் இருந்தால் இப்போதைக்குத் தேவைப்படாது.

சிறுநீரகம்

சிறுநீர் அளவு குறைந்தாலே எச்சரிக்கை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்த அளவு இரண்டு நாளில் 0.3 கூடினாலும் நாங்கள் கவனிப்போம், 0.8 இருந்தது 1.2 ஆனால் லேப் ரிப்போர்ட்டில் பெரிதாகத் தெரியாது, இந்த நோயாளிக்கு அது பெரிய மாற்றம். நீர் மாத்திரையை நிறுத்தி, கிருமி தேடி, ஆல்புமின் ஏற்றி, தேவையானால் டெர்லிப்ரெசின் கொடுப்பார்கள்.

இதைக் கிளப்பிவிடுவதில் முதல் இடம் வலி ஊசிக்கு. மூட்டு வலி என்று தெருமுனை கிளினிக்கில் போடுகிற டைக்ளோஃபெனாக் ஊசி, அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரை எல்லாம் சிறுநீரகத்தை நிறுத்தும், ரத்தமும் கசியவிடும். "ஈரல் சுருக்கம் உண்டு, வலி ஊசி வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பாராசிட்டமால் நாளுக்கு 2 கிராமுக்குள், அதாவது 500 மாத்திரை நான்குக்குள், சில நாளுக்குச் சரி. கீழாநெல்லியோ வேறெதுவோ மஞ்சள் காமாலைக்கு என்று தோன்றினால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்து ஈரல் வீங்கியவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

சாப்பாடு

ஈரல் நோய்க்கு முட்டை, மீன் கூடாது, கஞ்சி மட்டும் என்று ஒரு பழைய நினைப்பு வீடுவீடாக இருக்கிறது. நேர்மாறாகச் செய்யுங்கள். சதை கரைந்தால் மயக்கமும் கிருமியும் அதிகம். கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். நீரில்லாத எடை 60 கிலோ என்றால் நாளுக்கு 72 முதல் 90 கிராம். பருப்பு, பயறு, முட்டை, தயிர், விரால், கெண்டை எல்லாம் உப்புக் குறைத்துச் சமைத்தது. மயக்கம் வந்து தெளிந்தவருக்கும் புரதத்தை நிறுத்த வேண்டாம். மூன்று வேளையை ஐந்தாறாகப் பிரியுங்கள். படுக்கப் போகும் முன் கண்டிப்பாக ஏதாவது: ஒரு டம்ளர் பாலும் இரண்டு இட்லியும், அல்லது சுண்டல். ராத்திரி நீண்ட பட்டினிதான் சதையைத் தின்னும். அமாவாசை, கிருத்திகை விரதம் இவருக்கு வேண்டாம், வீட்டில் வேறு யாராவது இருக்கட்டும். காபி குடிக்கலாம், ஈரலுக்குக் கெடுதல் இல்லை. கும்பகோணம் பக்கத்து நோயாளிகள் இதை மட்டும் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை

நன்றாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனும், ஈரல் புற்றுநோயைத் தேடும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும். சுருங்கிய ஈரலில் புற்றுநோய் வலி இல்லாமல் வளரும், சிறிதாக இருக்கும்போது பிடித்தால் வைத்தியம் உண்டு. ஹெபடைட்டிஸ் ஏ, பி, நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் தடவை வயிற்றில் நீர் வந்தபோதோ, ரத்தம் வந்தபோதோ, மயக்கம் வந்தபோதோ, மெல்ட் மார்க் (ரத்தப் பரிசோதனைகளை வைத்து ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று போடும் இன்னொரு கணக்கு) 15ஐத் தொட்டபோதோ ஈரல் மாற்று பற்றிப் பேச்சை ஆரம்பித்துவிட வேண்டும். எல்லாம் முற்றிய பிறகு கேட்டால் உடம்பு ஆபரேஷனைத் தாங்காது. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெறுவதற்கான பதிவு தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் கீழ் மருத்துவமனை வழியாக நடக்கிறது; சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் ஈரல் மாற்று செய்கிறார்கள். சொந்தக்காரர் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கவும் வழி உண்டு. குடித்தவராக இருந்தால் நிறுத்தியதையும், திரும்பத் தொடமாட்டார் என்பதையும் மனநல மருத்துவரும் சேர்ந்து பார்ப்பார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லாவிட்டால் இப்போதே எடுத்துவிடுங்கள். வருமானச் சான்றிதழும் குடும்ப அட்டையும் ஆதாரும் கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மையத்துக்குப் போக வேண்டும், நோயாளி அட்மிட் ஆன பிறகு இதற்கு அலைவது பெரும் பாடு. ஈரல் மாற்றும் அந்தத் திட்டத்தில் உண்டு. சென்னைக்கு அனுப்பும்போது கடைசி மூன்று மாத ரத்தப் பரிசோதனைகள், ஸ்கோப்பி ரிப்போர்ட், ஸ்கேன் சிடி, இவற்றோடு நோயாளியின் ரத்த வகையும் கேட்பார்கள். கொடுக்க முன்வரும் சொந்தக்காரரின் ரத்த வகையையும் சேர்த்து இங்கேயே பார்த்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.